ரடர் துள்ளுகிறதா? புது சென்சார் வாங்கும் முன்…

கேள்வி: கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்ட, முறுக்கினால் ரடர் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்புவது) வேலை செய்யும் வகை ஜாய்ஸ்டிக் வைத்திருக்கிறேன். கையை எடுத்த பிறகும் விமானத்தின் மூக்கு இடப்பக்கமே இழுக்கிறது. ரன்வேயில் ஓடும்போது திடீரென்று வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. காலிப்ரேஷன் செய்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். காந்தத்தை வைத்து அசைவை அளக்கும் ஹால் சென்சார் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை என்கிறார்களே, வாங்கிவிடவா?

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுக்குத்தான் புது சென்சார் மருந்து.

முதலில் காலிப்ரேஷனை மறந்துவிடுங்கள். வருகிற எண்ணை நீட்டிச் சுருக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை, கெட்டுப்போன எண்ணை அது நல்லதாக்கப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது மூல எண், அதாவது காலிப்ரேஷன் கை வைக்காத எண். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதியில் காலிப்ரேஷனுக்குள் போனால் மூல எண்ணைக் காட்டச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும், லினக்ஸ் என்றால் இவிடெஸ்ட் (evtest) என்ற நிரல் போதும். இப்போது கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே அந்த எண்ணைப் பாருங்கள். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எண் குதிக்கிறது என்றால் பொட்டென்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்திருக்கிறது. பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அதே பாகம், அதே நோய். உள்ளே லாட வடிவில் ஒரு கார்பன் தடம் இருக்கும், அதன்மேல் ஒரு சிறிய உலோக விரல் உராய்ந்து போகும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறும், ஸ்டிக்குக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டு அந்த வோல்டேஜைப் படித்து எண்ணாக்கும். ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவிலேயே இருப்பதால், விரல் அந்தச் சின்ன இடத்தையே முன்னும் பின்னும் அரைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இரு கோடிகளும் புதுசு மாதிரி இருக்கும், நடு மட்டும் போயிருக்கும். பறப்பதற்கு நடுதான் முக்கியம் என்பது வேறு விஷயம்!

எண் ஒரு இடமென்று இல்லாமல் கண்ட இடத்தில் குதிக்கிறது, ஒயரை லேசாக அசைத்தாலே குதிக்கிறது என்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். முறுக்கும் கைப்பிடியில் இது சகஜம். கைப்பிடியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய ஒயர்கள் ஒவ்வொரு முறுக்கலிலும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும், மேல் உறை மட்டும் எந்தக் காயமும் இல்லாமல் பளபளவென்று இருக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, இரு முனையையும் தொட்டுக்கொண்டு, ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். பீப் சத்தம் எங்கே விட்டுப்போகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. இதற்குப் போய் புது சென்சார் போட்டால் அந்த ஒயரிலேயே புது சென்சாரும் தொங்கும்.

மூன்றாவது, எல்லா ஆக்ஸிஸும் (ஸ்டிக்கின் ஒவ்வொரு அசைவுத் திசையும் ஒரு ஆக்ஸிஸ்) ஒரே நேரத்தில் நடுங்குவது. இது தனித்தனி சென்சாரின் குற்றம் அல்ல. மின்சாரம் சரியாக வரவில்லை. யுஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள், போர்டில் கிரவுண்ட் ஒயர் வைத்த இடத்தில் ஈயம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவிலிருந்து விலகி நிற்பது மட்டும் தனியாக இருந்தால், பாகத்தைத் திறந்ததும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஸ்பிரிங் ஒரு பக்கம் சோர்ந்துபோயிருந்தால் எந்த சென்சாரும் உண்மையைத்தான் சொல்லும்: ஸ்டிக் நடுவில் இல்லை.

கேள்வி: தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டருக்கு ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடுமா? துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே வீட்டில் இருக்கிறது.

பதில்: அதைத் தொடவே வேண்டாம். எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், தூசி வந்து அப்பிக்கொள்ளும், சில பிளாஸ்டிக்குகளுக்கும் ஆகாது. எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள், அதிலும் மசகு சேர்ந்த வகை நல்லது. வெறும் ஆல்கஹால் அடித்தால் அழுக்கோடு சேர்ந்து உள்ளே இருந்த கிரீஸும் போய்விடும். யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, பொட்டென்ஷியோமீட்டரில் ஒயர் இணையும் உலோகக் கால்கள் வெளியே வரும் இடுக்கு வழியாக ஒரு சொட்டு அளவுக்கு அடித்து, கோடிக்குக் கோடி நிறைய தடவை திருப்பி, நன்றாகக் காயவிட்டு இணையுங்கள். அழுக்குதான் காரணம் என்றால் பல மாதம் ஓடும். கார்பனே உரிந்துபோயிருந்தால் ஒரு வாரம் ஓடும். திரும்ப வந்தால் மறுபடி அடிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாரன்டி இன்னும் முடியவில்லை. திறக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: டெட் ஜோன் (நடுவில் ஸ்டிக் அசைந்தாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாத பகுதி) கொஞ்சம் கூட்டி வைத்துச் சமாளித்துவருகிறேன். தப்பா?

பதில்: பயணிகள் விமானத்தை ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்றால் தாராளமாகச் சமாளியுங்கள். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் மிதக்கவிடுவதும், டேங்கர் விமானத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எரிபொருள் வாங்குவதும் அந்த நடு இடத்துச் சின்னச் சின்ன அசைவுகளில்தான் நடக்கின்றன. அதைத்தான் நீங்கள் வெட்டி எறிகிறீர்கள்.

கேள்வி: பழைய பொட்டென்ஷியோமீட்டரில் பி10கே என்று போட்டிருக்கிறது. கையில் பி100கே இருக்கிறது. போடலாமா? ஏ10கே கிடைத்தால்?

பதில்: ‘பி’ என்றால் பொதுவாக நேர்கோட்டு வகை, பாதி திருப்பினால் பாதி மதிப்பு. ‘ஏ’ என்பது ஆடியோ வால்யூமுக்கான வளைந்த வகை. அதைப் போட்டால் ஸ்டிக்கின் ஒரு பாதி சோம்பலாகவும் மறுபாதி வெறியோடும் வேலை செய்யும். வேண்டாம். சில பழைய பாகங்களில் இந்த எழுத்துக்கள் இடம்மாறியும் இருக்கும், அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் நடுவில் நிறுத்தி மீட்டரில் அளந்துவிடுங்கள்.

பி100கே, அதாவது 100 கிலோ ஓம் விஷயம் கொஞ்சம் இழுக்கும். யுஎஸ்பி ஸ்டிக்குகளில் மூன்று கால்களும் இணைந்திருக்கும், போர்டு பார்ப்பது வோல்டேஜின் விகிதத்தை, ஓம் கணக்கை அல்ல. அதனால் தியரிப்படி எதுவும் ஓடும். ஆனால் போர்டில் இருக்கும் சிப், வரும் சிக்னல் வலுவாக இருப்பதை எதிர்பார்க்கிறது, பல சிப்புகளுக்கு 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் சுகம். 100 போட்டால் நடுப்பகுதியில் எண் ஆடக்கூடும், பக்கத்து ஆக்ஸிஸின் அசைவும் இதில் தெரியலாம். ஆக 10க்கு 10. யுஎஸ்பி வருவதற்கு முந்தைய 15 முள் கேம் போர்ட் ஸ்டிக் என்றால் கதையே வேறு, அங்கே இரண்டு கால்தான் இணைந்திருக்கும், கப்பாசிட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி அளக்கும், அதனால் 100 கிலோ ஓம் இருந்த இடத்தில் 100 கிலோ ஓம்தான் போட வேண்டும்.

கேள்வி: 10 பிட், 12 பிட், 16 பிட் என்கிறார்களே, பறக்கும்போது வித்தியாசம் தெரியுமா?

பதில்: வோல்டேஜை எத்தனை படிகளாகப் பிரித்து எண்ணாக்குகிறது என்பதுதான் பிட் கணக்கு. 10 பிட் என்றால் 1024 படிகள், 12 என்றால் 4096, 16 என்றால் 65,536. பெட்டியில் அச்சிட நன்றாக இருக்கும். விஷயம் என்னவென்றால், பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 டிகிரி திரும்பும், உங்கள் ஸ்டிக் மொத்தமே 40 டிகிரிதான் சாயும் என்று வையுங்கள். இடையில் பல்சக்கரம் எதுவும் இல்லையென்றால் 1024 படிகளில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 137. மீதியெல்லாம் ஸ்டிக் எட்டவே முடியாத இடத்தில் வீணாகக் கிடக்கிறது. அதனால் பிட்டைக் கூட்டுவதைவிட, இருக்கும் வோல்டேஜ் வீச்சை முழுதாகப் பயன்படுத்தும் சென்சார்தான் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும். 16 பிட்டில் கடைசி சில பிட்டுகள் பெரும்பாலும் வெறும் இரைச்சலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சரி, ஹால் சென்சார்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

பதில்: முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்டிக்கைச் செருகிய நிலையில், பழைய பொட்டென்ஷியோமீட்டரின் இரு வெளிக்கால்களுக்கு நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 5 இருக்கலாம், 3.3 இருக்கலாம். ஏ1302 போன்ற சென்சார்களுக்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும், 3.3இல் அது சரிவர வேலை செய்யாது. எஸ்எஸ்49இ 2.7 வோல்ட்டிலிருந்தே ஓடும். இந்த ஒரு அளவை எடுக்காமல் வாங்கியதால் டிராயரில் தூங்கும் சென்சார்கள் எத்தனையோ.

எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவுதான் இது. மின்சாரம் ஓடும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் பாய்ந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு வோல்டேஜ் பிறக்கும். உராய்வு இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. காந்தம் பக்கத்தில் இல்லாதபோது நேரியல் வகை சென்சார் கொடுக்கப்பட்ட வோல்டேஜில் பாதியைத் தரும். வடக்கு முனை வந்தால் ஒரு பக்கம் போகும், தெற்கு வந்தால் மறுபக்கம். கவனியுங்கள், சுவிட்ச் மாதிரி ஆன் ஆஃப் மட்டும் தரும் ஹால் சென்சார்களும் இதே மூன்று கால் உருவத்தில் கடையில் கிடக்கும். நேரியல் என்று கேட்டு வாங்குங்கள்.

மலிவான வழி, எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு காந்தங்களைத் தண்டில் பொருத்தி, நடுவில் சென்சாரை அசையாமல் நிறுத்துவது. தண்டு திரும்பினால் வெளிவருவது ஒரு சைன் வளைவு. நடுவிலிருந்து 30 டிகிரி வரை அது நேர்கோட்டைவிட 5 சதவீதத்துக்கும் குறைவாகவே விலகும், கைக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் ஓரங்களில் மந்தமாகும். காந்தம் ரொம்ப வலுவாக இருந்தாலோ ரொம்ப நெருக்கமாக இருந்தாலோ, ஸ்டிக் கோடிக்குப் போவதற்கு முன்பே எண் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அப்போது காந்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

நேரடியாகக் கோணத்தையே அளக்கும் ஏஎஸ்5600 போன்ற சிப் இன்னொரு வழி. 12 பிட், அனலாக் ஆகவும் வெளியே தரும். இதற்கு விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வட்டு வேண்டும், சாதாரண வட்டுக் காந்தம் உதவாது. கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க, ஒரே மாதிரி இரண்டை முகத்தோடு முகம் ஒட்டவைத்து மேலே உள்ளதைத் திருகுங்கள். சும்மா வழுக்கிச் சுற்றினால் சாதாரண வகை. திருகியதை எதிர்த்து வெடுக்கென்று பழைய இடத்துக்கே திரும்பினால் நீங்கள் தேடும் வகை. இன்னொன்று, இந்தச் சிப் வாங்கியபடியே 360 டிகிரிக்கு அமைக்கப்பட்டிருக்கும், 60 டிகிரி அசையும் ஸ்டிக்கில் போட்டால் ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கும். தொடக்கமும் முடிவும் நீங்கள்தான் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிரந்தரமாக எழுதச் சில முறைதான் வாய்ப்பு, அதனால் தற்காலிகமாக எழுதிச் சரிபார்த்த பிறகு கடைசியாக எழுதுங்கள்.

சிப்பைவிடப் பொருத்தும் விதம்தான் பெரிது. காந்தம் கொஞ்சம் ஆடினாலும் எண் ஆடும். பக்கத்தில் இரும்புத் திருகு இருந்தால் புலம் வளையும், பித்தளையோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். சென்சார் மின்சாரம் வாங்கும் இரு கால்களுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் ஒன்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: ரடர் பெடலின் பிரேக்குக்கும் ஹால் போடலாமா, அழுத்தும் விசையை அளக்கும் லோட் செல்லா?

பதில்: பிரேக்குக்கு லோட் செல் என்றே சொல்வேன். கால் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதைத்தான் உடம்பு நன்றாக நினைவில் வைக்கும், நிஜ விமானத்திலும் பிரேக் அழுத்தத்தின் வேலைதான். ஆனால் லோட் செல் தருவது சில மில்லிவோல்ட்தான், ஆம்ப்ளிஃபையர் வேண்டும். எல்லோரும் வாங்கும் எச்எக்ஸ்711 விநாடிக்கு 10 அல்லது 80 முறை படிக்கும். மாட்யூல் பெரும்பாலும் 10இல் அமைந்தே வரும், அப்படியே விட்டால் பிரேக் தாமதமாகப் பிடிப்பது போல் இருக்கும். 80க்கு மாற்றுங்கள். அது டிஜிட்டல் என்பதால் பழைய பெடல் போர்டோடு நேராக இணையாது, தனி மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். பெடலே மெல்லிய பிளாஸ்டிக் என்றால் இந்தச் செலவு வீண், பெடலின் சட்டகம்தான் முதலில் வளையும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு ரப்பர் கட்டை வைத்தாலே பாதி சுகம் கிடைக்கும்.

கேள்வி: ஹால் போட்ட பிறகும் நடுவைத் தாண்டும்போது ஸ்டிக் ஒட்டி ஒட்டிப் போகிறது.

பதில்: அது சென்சாரின் வேலை இல்லை, பிளாஸ்டிக் மூட்டின் வேலை. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகும் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் சில பிளாஸ்டிக்கில் விரிசல் உண்டாக்கும். மூட்டில் குழி விழுந்து ஆட்டம் கொடுத்தால் கிரீஸும் கைகொடுக்காது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். இடப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் சாய்கிறது!

பதில்: பொட்டென்ஷியோமீட்டர் என்றால் இரு வெளிக்கால் ஒயர்களை இடம் மாற்றுங்கள், முடிந்தது. ஹால் என்றால் அந்தப் பழக்கத்தில் ஒயரை மாற்றிவிடாதீர்கள், மின்சாரம் தலைகீழாகப் போய் சென்சார் அங்கேயே செத்துவிடும். இரண்டு காந்த வகையில் காந்தங்களைத் திருப்பிப் போடுங்கள். காந்தத்தை ஏற்கெனவே பசை போட்டு ஒட்டியாகிவிட்டதா, அல்லது கோணத்தை அளக்கும் சிப்பா? சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்பில் அந்த ஆக்ஸிஸுக்குத் திசையை மாற்றும் டிக் ஒன்று இருக்கும்.