பதில்: ஃபென்வே பார்க்கில் அப்பாவுக்கு எந்த இருக்கை?

வணக்கம். முழங்கால் வலியுள்ள அப்பாவை பாஸ்டனின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி ஆடும் ஆட்டத்துக்கு அழைத்துப் போக, மலிவான கிராண்ட்ஸ்டாண்ட் (கூரைக்குக் கீழே உள்ள பின்வரிசை இருக்கைகள்) டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

அந்த அணியின் ஃபென்வே பார்க் 1912இல் திறக்கப்பட்ட அரங்கம். கிராண்ட்ஸ்டாண்டின் கூரையை இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பந்து எறிபவரோ அடிப்பவரோ கண்ணில் படவே மாட்டார். மர இருக்கைகள் வேறு, குறுகலானவை. கால் நீட்ட முடியாது. வலது மூலையில் இன்னும் மோசம், பல இருக்கைகள் ஆட்டம் நடக்கும் பக்கம் நேராகத் திரும்பியே இருக்காது. கழுத்து வலியும் சேர்ந்துகொள்ளும், பாவம்.

விலை கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, முதல் பேஸ் (அடிப்பவர் ஓடி முதலில் தொடும் இடம்) பக்கம், கிராண்ட்ஸ்டாண்டுக்கு முன்னால் உள்ள லோஜ் பாக்ஸ் இருக்கைகளைப் பாருங்கள். தூண்களுக்கு முன்னால் இருப்பதால் பார்வை மறைக்காது. எதிரே 37 அடி உயர கிரீன் மான்ஸ்டர் சுவர் முழுசாகத் தெரியும். அதன் ஸ்கோர்போர்டை இன்றும் கையால்தான் மாற்றுகிறார்கள். அப்பாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்! வரிசையின் ஓர இருக்கையாக எடுத்தால் அவர் எழுந்து போக வசதி.

அப்புறம், காரில் போக வேண்டாம். பாஸ்டனின் கிரீன் லைன் நகர ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான் நடை. அந்த லைனின் ஈ (E) கிளை ரயில் மட்டும் அங்கே போகாது, பார்த்து ஏறுங்கள்.