பிளஸ் டூ கணிதம்: திருப்புதலை எங்கிருந்து தொடங்குவது?

அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் வரும் கேள்விகளில் பாதி ‘எந்தப் பாடத்தை விடலாம்?’ என்பதுதான். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பன்னிரண்டு பாடங்களுக்குப் பன்னிரண்டு வாரம் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். சரியா சார்? (மாணவி, தேனி)

பார்க்க அழகான அட்டவணைதான். ஆனால் தாக்குப்பிடிக்காது. கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் பயிற்சி 12.1, 12.2, பிறகு ஒரு மதிப்பெண் வினாக்கள், அவ்வளவுதான். ஏழாவது பாடமான வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளோ தொடுகோடு, சராசரி மதிப்புத் தேற்றம், லோபிதாலின் விதி, பெருமம் சிறுமம் என்று நீண்டுகொண்டே போகும். இரண்டுக்கும் ஒரே அளவு நேரமா?

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ‘கற்றலின் நோக்கங்கள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலானோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. உங்கள் அட்டவணைக்குத் தேவையான பட்டியல் அங்கேதான் இருக்கிறது. முதல் பாடத்தையே எடுங்கள்: நேர்மாறு அணி, அணியின் தரம், கிராமரின் விதி, காஸ் நீக்கல் முறை, ஒருங்கமைவு (சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா என்று பார்ப்பது). ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமரின் விதி சரியாக வரும். லாம்டா, மியூவின் எந்த மதிப்புகளுக்குத் தீர்வே இல்லை, எப்போது எண்ணற்ற தீர்வுகள் என்று கேட்டால் பலருக்குப் பேனா நின்றுவிடும். அப்படியானால் உங்களுக்கு நேரம் வேண்டியது ஒருங்கமைவுக்கு, முதல் பாடம் முழுவதற்கும் அல்ல.

இன்னொன்று, பாடங்கள் தனித்தனித் தீவுகள் இல்லை. x³ − 5x² + 9x − 5 = 0 என்ற சமன்பாட்டுக்கு 2 + i ஒரு மூலம் என்று கொடுத்து மற்றவற்றைக் கேட்டால், அது சமன்பாட்டியல் கணக்கு. ஆனால் கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் 2 − i-யும் மூலம் என்று தோன்ற வேண்டுமே, அது கலப்பு எண்களில் படித்த இணையெண். அது தெரிந்தால் x² − 4x + 5 ஒரு காரணி, மிச்சம் x − 1, கணக்கு முடிந்தது. ஆகவே இரண்டாம் பாடமான கலப்பு எண்களையும் மூன்றாம் பாடமான சமன்பாட்டியலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஐந்தாம் பாடத்தில் பரவளையமும் நீள்வட்டமும் வரையப் பழகிய கையோடு ஒன்பதாம் பாடத்தின் பரப்பு கணக்குகளுக்குப் போங்கள். புத்தக வரிசையிலேயே போக வேண்டும் என்று சட்டமில்லை.

வெக்டரையும் நிகழ்தகவையும் ‘சாய்ஸில்’ விட்டுவிடலாம் என்கிறான் நண்பன். (மாணவர், கடலூர்)

வினாத்தாளைப் பாருங்கள் தம்பி. 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 20. இதில் சாய்ஸே இல்லை. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்துக்கு ஏழு. அதிலும் 30ஆம் வினாவும் 40ஆம் வினாவும் கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஏழு வினாக்கள், ஒவ்வொன்றும் ‘இது அல்லது அது’. நீங்கள் விட்ட இரண்டு பாடங்களும் ஒரே வினாவில் ஜோடியாக வந்தால் ஐந்தும் போச்சு. எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் புளூ பிரிண்ட் இருந்த காலத்தில் அண்ணன்மார் போட்ட கணக்கு இது. இப்போது செல்லாது. நேரமே இல்லை என்றால் ஒரு பாடத்தை முழுதாக விடாமல், அதன் எளிய பயிற்சிகளை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகன் 2022இல் எழுதியபோது வைத்திருந்த பாடப்பகுதிப் பட்டியல் வீட்டில் இருக்கிறது. இளையவளுக்கு உதவுமா? (ஒரு தாய், ஓசூர்)

வேண்டாம் அம்மா. அது கொரோனா காலத்தில் குறைக்கப்பட்ட பாடத்திட்டம். இப்போது புத்தகம் முழுவதும் உண்டு. மகனின் புத்தகமும் பயிற்சி நோட்டும் உதவும், அவற்றைக் கொடுங்கள்.

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் அலகுவாரியாக மதிப்பெண் போட்டிருக்கிறார்களே, அதை வைத்துத் திட்டமிடலாமா? (மாணவர், சேலம்)

அங்கே 80 மதிப்பெண் தாளில் நுண்கணிதத்துக்கு மட்டும் 35. நுண்கணிதம் முக்கியம் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அவர்களுக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் நேரியல் திட்டமிடல் உங்கள் கணிதப் புத்தகத்தில் இல்லை. உங்களுக்குப் பிளஸ் டூவில் இருக்கும் கலப்பு எண்களும் கூம்பு வளைவுகளும் அவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். ஜேஇஇ எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, உங்கள் புத்தகத்தில் இல்லாத தலைப்புகளை மட்டும் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுத் திருப்புதலோடு அதைக் கலக்காதீர்கள்.

பாட முடிவில் இருக்கும் புக் பேக் ஒன் மார்க் போதுமா? (மாணவி, திருவாரூர்)

தேர்ச்சிக்குக் கை கொடுக்கும், இருபதுக்கு இருபது வாங்கப் போதாது. விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் எண்ணை மாற்றியதும் தடுமாறுவீர்கள். சைன் 2π/3-இன் நேர்மாறு சைன் எவ்வளவு என்றால் பலர் 2π/3 என்றே குறிக்கிறார்கள். முதன்மை மதிப்பு −π/2 முதல் π/2 வரைதான் இருக்க முடியும், ஆகவே விடை π/3.

பிளஸ் ஒன் புத்தகத்தை மறுபடி எடுக்க வேண்டுமா? (மாணவர், தென்காசி)

எடுத்தே ஆக வேண்டும், ஆனால் முழுவதும் வேண்டாம். வகையிடல் விதிகள், தொகையிடலில் பிரதியிடல், பகுதிப் பின்னம், பகுதித் தொகையிடல், முக்கோணவியல் முற்றொருமைகள், இவை போதும். பத்தாம் பாடத்தின் வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரித்து எழுதியபிறகு நிற்பவர்கள் அந்தப் பாடத்தில் தடுக்கி நிற்பதில்லை, பிளஸ் ஒன்னின் தொகையிடலில் நிற்கிறார்கள். ஒன்பதையும் பத்தையும் தொடுவதற்கு முந்தைய சனி, ஞாயிறை அதற்கு ஒதுக்குங்கள்.