தவறி வாங்கிய தோட்டாக்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே குடும்பத்துடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு உள்ளது. 2020இல் எல்லாரும் வாங்கியபோது நானும் ஒரு 9 எம்.எம். கைத்துப்பாக்கி வாங்கினேன், இரண்டொரு முறை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்கு)ப் போய்ச் சுட்டதோடு சரி. சென்ற மாதம் எங்கள் பகுதியில் இரண்டு குடும்பங்கள் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டை உடைத்து நகைகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில், தோட்டா விலை ஏறப்போகிறது, சரக்கு தீர்கிறது என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நள்ளிரவில், இணையத்தில் மலிவாகக் கிடைத்த 1000 தோட்டாக்களை வாங்கிவிட்டேன். பெட்டி வந்த பிறகுதான் அவை மகரோவ் என்ற வேறு வகைத் துப்பாக்கிக்கானவை என்று தெரிந்தது. விற்றவர்கள் திரும்பப் பெற மாட்டார்களாம். மிக்சி வாங்க ஒரு வாரம் விமர்சனம் படிக்கிறவர் இதை எப்படி வாங்கினீர்கள் என்று மனைவி கேட்கிறார். பணம் போனதைவிட, இப்படிச் செய்துவிட்டேனே என்பதுதான் உறுத்துகிறது. வாசலில் கிடந்த பெட்டியை, எச்-1பி விசாவில் வந்து எங்களுடன் தங்கியிருக்கும் மைத்துனர்தான் எடுத்து உள்ளே வைத்தார், அவரும் சிரிக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். அதற்குள் மனம் தெளிந்தால் நல்லது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை உங்கள் குணத்தில் இருப்பதைவிட அந்தச் சந்தையில்தான் அதிகம் இருக்கிறது. மிக்சி நாளைக்கும் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டா கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் அமெரிக்காவில் வாங்குவோர் மனத்தில் பல ஆண்டுகளாக ஊறிப்போயிருக்கிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், புதிய கட்டுப்பாடுகள் வந்துவிடும் என்று அஞ்சி மக்கள் வாங்கிக் குவித்ததில், பயிற்சிக்குப் பயன்படும் மிக மலிவான .22 தோட்டாகூட நெடுநாள் கடைகளில் கிடைக்காமல் போயிற்று. 2020இல் எஃப்.பி.ஐ. அமைப்பின் வழியாக நடந்த, துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3.97 கோடி. நீங்கள் துப்பாக்கி வாங்கியதும் அந்த ஆண்டில்தான். இருபது சென்ட்டுக்கும் குறைவாக விற்ற 9 எம்.எம். தோட்டா அப்போது மும்மடங்குக்கும் மேல் விலை ஏறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தீர்ந்துவிடும் என்ற பயமே சரக்கைத் தீர்த்த காலம் அது. அதைக் கண்டவர்களுக்கு வாட்ஸ்அப் செய்தி ஒன்றே போதும்.

இதோடு, வாங்குவதற்குத் தடை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டாவைத் தபால் வழியே மாநிலம் கடந்து வாங்குவதைப் பொதுமக்களுக்குத் தடை செய்திருந்தது. 1986இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் 2018 முதல், இணையத்தில் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடையில் போய்த்தான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றானது, 2019 ஜூலை முதல் தோட்டாவுக்கும் பின்னணிச் சோதனை வந்தது; அச்சட்டத்தை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. டெக்சாஸில் அப்படி எதுவும் கிடையாது. வயது, அட்டை எண், முகவரி, முடிந்தது.

ஆனால் வந்த வழியில் இந்தப் பொருள் திரும்பிப் போகாது, நண்பரே. உங்கள் வருத்தத்தில் உண்மையான பொருளுடைய பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். தவறாக வாங்கிய சட்டையைத் திருப்பி அனுப்பலாம். தோட்டாவைப் பெரும்பாலான கடைகள், எங்கோ யாரோ கையாண்ட சரக்கு என்ற காரணத்தால், திரும்ப ஏற்பதில்லை. அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவைத் தபாலில் ஏற்பதே இல்லை. குப்பைத் தொட்டியில் போடக் கூடாது; குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் அது வெடித்தால் காயம்படுபவர் துப்புரவுத் தொழிலாளி.

சட்டத்துக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. எப்படியாவது பொருந்துகிறதா என்று உங்கள் துப்பாக்கியில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் 9x18 என்று அச்சிட்டிருக்கும். உங்கள் துப்பாக்கிக் குழலின் மேல் 9x19 என்றோ 9 எம்.எம். லூகர் என்றோ பொறித்திருக்கும். சோவியத் மகரோவுக்கான தோட்டாவின் கூடு உங்களுடையதைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை, ஆனால் அதன் முனையில் இருக்கும் குண்டு உங்களுடையதைவிடக் கால் மில்லிமீட்டர் கூடுதல் பருமன். இந்தக் கால் மில்லிமீட்டரில் சோதனை செய்வது உங்கள் வேலையல்ல.

அதே வேளையில், உங்களுக்குப் பயன்படாத இந்தச் சரக்கைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மகரோவ், செக் நாட்டு சிஇசட்-82, போலந்தின் பி-64 போன்ற பழைய கிழக்கு ஐரோப்பியப் படைத் துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கு வேண்டியது இதுவே. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தரப்படுவதில்லை என்பதால் அவர்களுக்கு முன்போல் மலிவாகக் கிடைப்பதுமில்லை. நீங்கள் சென்ற ரேஞ்சிலோ உள்ளூர்த் துப்பாக்கிக் கடையிலோ விசாரியுங்கள். பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தால் குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்ளக்கூடும். முன்பின் தெரியாதவருக்கு நீங்களே விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாரும் வாங்காவிட்டால், காவல் நிலையத்தையோ ஷெரிஃப் அலுவலகத்தையோ முதலில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஏறத்தாழ 10 கிலோ தோட்டாவைச் சுமந்துகொண்டு காவல் நிலையத்துக்குள் நுழைவது எந்த நாட்டிலும் நல்லதல்ல.

இந்தக் கொள்முதலுக்குக் காரணமான பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இரு வீடுகளும் உடைக்கப்பட்டது வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில். நம்மவர் வீட்டுத் தங்கத்தைக் குறிவைப்பவர்கள் ஆள் இல்லாத வீட்டைத்தான் தேடுகிறார்கள். ஆளில்லாத வீட்டை அலமாரியில் இருக்கும் தோட்டா எப்படிக் காக்கும்? அந்த வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் நகையோடு அதுவும் போயிருக்கும். இதைவிட உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிப்பது உதவும்: வழக்கமான பத்திரங்கள் பலவற்றில் களவுபோன நகைகள் அனைத்துக்கும் சேர்த்தே 1,500 டாலர் அளவில்தான் ஈடு கிடைக்கும். இரண்டு சங்கிலிக்குக்கூடக் காணாது. நகைகளுக்குத் தனியாகக் கூடுதல் காப்பீடு எடுக்கலாம். தோட்டாவுக்குக் கொடுத்த தொகை அதற்குப் போயிருக்க வேண்டியது.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன்; கடிதத்தில் என்னைத் துணுக்குற வைத்தது அதுதான். கிரீன் கார்டு உள்ள நீங்கள் தோட்டா வைத்துக்கொள்ளலாம். உங்கள் மைத்துனர் வைத்துக்கொள்ள முடியாது. எச்-1பி உள்ளிட்ட குடியேற்றம் சாரா விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவையும் உடைமையில் வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவே. 2022க்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நாடு கடத்தலுக்கும் அது வழிவகுக்கும். பெட்டியை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைத்ததற்காக யாரும் வழக்குப் போட வரப்போவதில்லை, அவரை அச்சுறுத்த வேண்டாம். ஆனால் அவர் நினைத்தால் எடுக்கக்கூடிய இடத்தில் அது தொடர்ந்து இருப்பது வேறு விஷயம். உடைமை என்பதற்குக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்ற தேவை இல்லை. இன்றைக்கே பூட்டக்கூடிய பெட்டி ஒன்றில் வைத்து, சாவியை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவரை ரேஞ்சுக்கு அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் போகாதீர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரின் சுற்றுலா விசாவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நம் வீடுகளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைசியாக உங்கள் பயணம். ரேஞ்சுக்கு எடுத்துச் சென்ற பையையே பின்னர் பயணத்துக்கும் எடுத்துச் சென்று, அடியில் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையத்தில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகும். தெரியாமல் இருந்தது என்று நிறுவப்பட்டால் உயர் நீதிமன்றங்கள் அத்தகைய வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அப்படிப் பல தீர்ப்புகள் உண்டு. ஆனால் அதற்குள் விடுமுறை முடிந்து, பாஸ்போர்ட்டுக்கும் வழக்கறிஞருக்குமாக அலைந்து, பொங்கல் போய்ச் சித்திரையும் வந்திருக்கும். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பை எதுவோ அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேறு பையில் துணிமணிகளை எடுத்துவையுங்கள்.