போர்டில் மனைவி, வாடகை கணவனுக்கு

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். என் மனைவி ஒரு சார்ட்டர் பள்ளியின் (அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) போர்டு உறுப்பினர். இடம் கிடைக்காமல் தவித்த அந்தப் பள்ளிக்கு 2022இல் எங்கள் கட்டடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தோம். கட்டடம் எனக்கும் மச்சானுக்கும் சொந்தமான எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) பெயரில் இருக்கிறது. ஓட்டெடுப்பின்போது மனைவி வெளியே போய்விட்டார். இப்போது வந்த நிர்வாகி நான்கு மாத வாடகையை நிறுத்திவிட்டு எங்களைத் திருடர்கள் என்கிறார். பாக்கிக்கும் அவதூறுக்கும் வழக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

நிர்வாகியின் வாய்த்துடுக்கு, நீங்கள் செய்த உதவி, குறைந்த வாடகை எதற்கும் இங்கே மதிப்பில்லை. லீஸ் (வாடகை ஒப்பந்தம்) கையெழுத்தான அன்று உங்கள் மனைவி போர்டில் இருந்தார். விஷயம் அவ்வளவுதான். பொதுப்பதவியில் இருப்பவர் தனக்கு லாபமுள்ள ஒப்பந்தத்தில் ஈடுபடுவதைத் தடுக்கும் கலிபோர்னியா கவர்ன்மென்ட் கோட் 1090ஆவது பிரிவு சார்ட்டர் பள்ளிகளுக்கும் உண்டு என்று எஸ்பி 126 சட்டம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. உறுப்பினருக்குப் பணநலன் இருந்தால் அந்த ஒப்பந்தத்தை போர்டே போட முடியாது. அவர் வெளியே போனாலும் உள்ளே இருந்தாலும் ஒன்றுதான். கணவனின் வாடகை மனைவிக்கும் வருமானம்.

நீங்கள் பாக்கி கேட்டுப் போனால், 'லீஸே செல்லாது, இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடு' என்று எதிர்வழக்கு வரும். நான்கு மாத வாடகை கேட்கப்போய் மொத்த வாடகையையும் இழப்பீர்கள். கலிபோர்னியாவின் அல்பனி நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் நிலம், நடுவில் ஒரு கம்பெனி வழியாக நகராட்சிக்கு 2,58,000 டாலருக்குப் போனது. 1985இல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட், அந்த உறுப்பினரைப் பணத்தை வட்டியோடு திருப்பச் சொன்னது. நிலமும் நகராட்சியிடமே இருந்தது. உங்கள் எல்.எல்.சி.யும் உங்களைக் காப்பாற்றாது.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்துபோய்க் கெடுத்துக்கொள்கிறார்கள். பங்கை மச்சான் பெயருக்கு முன்தேதியிட்டு மாற்றுவார்கள், ஈமெயிலை அழிப்பார்கள். மனைவி ஆண்டுதோறும் போடும் ஃபார்ம் 700இல் (பொதுப்பதவியில் இருப்பவர் தன் வருமானத்தையும் சொத்தையும் அறிவிக்கும் படிவம்) இந்த வருமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் தெரிந்தே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பொய்ச்சத்தியத் தண்டனை உண்டு. தெரிந்தே 1090ஐ மீறினால் சிறையும் உண்டு, ஆயுளுக்கும் பொதுப்பதவி வகிக்க முடியாது. சாண்டியாகோவில் 2019இல் ஏ3 என்ற ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளின் மோசடி வழக்கில் 11 பேர்மேல் குற்றச்சாட்டு வந்தது. உங்களுடையது அந்த அளவு இல்லை, சரி. ஆனால் சார்ட்டர் பள்ளிக் கணக்கு என்றால் இப்போது யாரும் சும்மா விடுவதில்லை.

சமரசமாகப் போங்கள். பாக்கியை விட்டுவிடுங்கள், பள்ளி வேறு இடம் பார்க்க அவகாசம் கொடுங்கள், பதிலுக்குப் பழைய வாடகையைக் கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். ஆனால் மனைவி பதவியில் இருக்கும்போது போடும் சமரசமும் அதே 1090இல் மாட்டும். முதலில் ராஜினாமா, பிறகு கோர்ட் ஒப்புதலோடு பேச்சு. ராஜினாமா செய்தாலும் பழைய லீஸின் குறை தீராது. பள்ளி எழுதிக் கொடுப்பது மாவட்ட அட்டர்னியையும் (குற்றவழக்குப் போடும் அரசு வக்கீல்) கட்டுப்படுத்தாது.

அப்புறம், மனைவிக்குத் தனி வக்கீல் வையுங்கள். இதில் உங்கள் நலனும் அவர் நலனும் ஒன்றல்ல.