எக்ஸ்எம்எல் உள்ள, ஜேசான் வெளிய

கேள்வி: எக்ஸ்எம்எல் (டேக் போட்டு டேட்டா எழுதுற முறை) டேட்டாபேஸ்ல புக் லிஸ்ட் இருக்கு சார், எக்ஸ்குவெரி (எக்ஸ்எம்எல்ல இருந்து டேட்டா எடுக்கற மொழி) எழுதி ஜேசானா (ஆப்புங்க டேட்டா வாங்கிக்கற வடிவம்) எடுத்தா ஒரு புக்குக்கு வருது, அதுலயும் விலை டேகோட டபுள் கோட்ஸுக்குள்ள நிக்குது, பத்து புக் கேட்டா எரர். ஏன்?

பதில்: ஜேசான்ல மேல் மட்டத்துல ஒரே ஒரு ஐட்டம்தான் இருக்கணும், நீங்க ஃபார் லூப்புல பத்து மேப்பை (பேரும் மதிப்பும் ஜோடியா இருக்கறது, இங்க ஒரு புக்குக்கு ஒண்ணு) வரிசையா தள்ளுறீங்க, அது எப்படி ஏத்துக்கும்? அர்ரேன்னு (அதாவது ஒரு பட்டியல்) எழுதி, அதுக்கப்புறம் முழு லூப்பையும் கர்லி பிராக்கெட்டுக்குள்ள வைங்க. ஸ்கொயர் பிராக்கெட் போட்றாதீங்க, அது மொத்த பத்தையும் ஒரே உறுப்பா எடுத்துக்கிட்டு மறுபடி அதே எரர்தான் (நானே இதுல ஒரு ராத்திரிய தொலைச்சிருக்கேன்).

விலை விஷயம் வேற. மேப்புக்குள்ள நோடையே (டேகோட இருக்கற எக்ஸ்எம்எல் துண்டை) வச்சிட்டீங்க, அதான் டேகோட வருது. டேட்டா ஃபங்ஷன் போட்டா டேக் போயிடும், ஆனா ஸ்கீமா (எது நம்பர், எது எழுத்துன்னு சொல்ற விதி) இல்லாததால 250ங்கறது கோட்ஸுக்குள்ள ஸ்ட்ரிங்காதான் (வெறும் எழுத்தாதான்) இருக்கும், டெசிமலா காஸ்ட் பண்ணாதான் (எண் வகையா மாத்தினாதான்) நம்பரா வரும். விலையே இல்லாத புக்குக்கு நல்னு (null, அதாவது மதிப்பு இல்ல) வரும், ஆப் எழுதுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மேப்பும் அர்ரேயும் 2017ல வந்த எக்ஸ்குவெரி 3.1லதான் ஸ்டாண்டர்ட் ஆச்சு, ரொம்ப பழைய வெர்ஷன்னா முதல்ல அப்டேட் பண்ணுங்க.