"எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருந்த சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் வேலை நிமித்தம் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போவதாகவும், என்னென்ன சாமான்களைக் கட்டிக்கொண்டு வருவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி, குளிருக்கு என்ன உடை வாங்குவது, அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியில், "மற்றபடி வங்கி, காப்பீடு, கையெழுத்து எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சாமான்களைப் பற்றியும் உடையைப் பற்றியும் சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபின் தானாக நடந்துவிடும். நான் காப்பீட்டுக்கும் அந்தக் கடைசி வரிக்கும் மட்டுமே பதில் எழுதப் போகிறேன். எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே எங்கே போனாலும் பொருந்தக்கூடியதையே எழுதுகிறேன்.

நான் வந்தபோது வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின்சார இணைப்பு, காப்பீட்டு அட்டை எல்லாம் என் கணவரின் பெயரில்தான் இருந்தன. துணைவியாக விசா பெற்று வரும் பெரும்பாலான பெண்களின் நிலை அதுதான். வந்து வெகு காலம் ஆகியிருக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் அவர் குளியலறைத் தொட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிரிலும் பனியன் முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. நெஞ்சில் வலி என்று அவர் சொல்லவில்லை. தாடையும் இடது தோளும் இறுக்கிப் பிடிப்பதாகவும், இரவு உண்டது செரிக்காமல் இருக்கலாம் என்றும்தான் சொன்னார். புகை பிடிக்காதவர், ஐம்பதை எட்டாதவர், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும் சாப்பிட்டுவந்தவர். நான் தொலைபேசியில் எழுப்பிய நம்மவர்களில் ஒருவர் வாயுக்கோளாறு என்றார். இன்னொருவர், ஆம்புலன்சை அழைத்தால் பெரிய பில் வரும், டாக்சியில் கூட்டிச் செல்லுங்கள் என்றார். என் கணவர் வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டிருக்கும்போதே நான் ஆம்புலன்சை அழைத்தேன்.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசை செத்துக்கொண்டே வருகிறது. செத்த தசை மீண்டும் வளர்வதில்லை. ஆம்புலன்சில் இ.சி.ஜி. கருவி இருக்கும், வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியும் இருக்கும், அடைப்பை நீக்கும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதயக் குழாய்களின் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ கூடம் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. டாக்சியில் கிளம்பி அருகிலிருக்கும் சிறிய மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படுவதற்குள் போகும் நேரம் திரும்பக் கிடைக்காது. சில நாடுகளில் ஆம்புலன்சுக்குக் கட்டணம் உண்டு என்பது உண்மைதான். அதற்காக ஒரு மனிதரின் இதயத்தைப் பணயம் வைக்கச் சொல்லும் நண்பர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 108 என்று பழகிய விரல்களுக்குப் புதிய எண்ணைப் பழக்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, சிங்கப்பூரில் 995, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, சவுதியில் 997. பேசுபவர் முகவரியைத்தான் முதலில் கேட்பார். புதிதாக வந்தவர்களுக்குத் தெருப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது அந்த நேரத்தில் மலைபோல் இருக்கும். வீட்டு முகவரியையும் மாடி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வார்கள். ஒவ்வாமையோ ரத்தக் கசிவுள்ள புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலிக்கும்போது பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று ஒரு செய்தி நம்மவர் குழுக்களில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வீட்டில் செய்துகொள்ளும் முதலுதவியே அல்ல. படித்தவர்களே அதைக் கைமாற்றி அனுப்புவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவின் மேசையில் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளுக்கே நான் தயாராக இருக்க வேண்டியிருந்தது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அவருக்கு அவர் தந்தையின் பெயரும், எனக்கு என் தந்தையின் பெயரும் கடைசிப் பெயராக அச்சாகியிருக்கின்றன. பெயர்கள் பொருந்தாததால், நான் அவருக்கு என்ன உறவு என்று மேசையிலிருந்தவர் மறுபடியும் மறுபடியும் கேட்டார். பிறந்த தேதியைக் கேட்டபோது, வீட்டில் கொண்டாடும் தேதி ஒன்று, பள்ளிச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டுக்கு வந்த தேதி வேறொன்று. மருத்துவமனைக்கு வேண்டியது கடவுச்சீட்டில் இருப்பதுதான். உங்கள் திருமணச் சான்றிதழின் நகலையும் இருவரின் கடவுச்சீட்டு நகலையும் உங்கள் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். அவருடைய கைப்பேசியில் வைத்திருந்தால் பயன் இல்லை. என்னிடம் ஒரு தாதி கொடுத்த பிளாஸ்டிக் பையில், கத்தரியால் வெட்டப்பட்ட பனியன், கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றோடு அவருடைய கைப்பேசியும் இருந்தது. அதன் பூட்டுக் குறியீடு அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அவரோ அப்போது ஆஞ்சியோ கூடத்தின் கதவுக்கு அப்பால் இருந்தார்.

வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். என் கணவர் மூன்று என்றார். பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் குறுக்கிட்டு, இவர் வலியைக் குறைத்துச் சொல்பவர், இவ்வளவு வியர்வை நான் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தெரிந்த மொழியில் உரக்கச் சொன்னேன். துணைவர் அருகிலிருந்து பேச வேண்டிய இடம் அது. சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து உட்படச் சொல்ல வேண்டும். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை எடுத்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்ல வேண்டும்; ஏனென்றால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெரிந்தால் உடனே அழைத்துச் செல்வார்கள். தெரியாவிட்டால், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது முதலில் சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் ரத்தம் எடுப்பார்கள். ஏன் வீணாகக் காக்க வைக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள், அந்த இரண்டாவது பரிசோதனைதான் முக்கியமானது. என் கணவருக்கு மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, குழாய் மீண்டும் சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். அவர் விழித்துக்கொண்டே படுத்திருந்தார். விழித்திருக்கும் நோயாளியின் இதயக் குழாயைப் பலூனால் முதன்முதலில் விரித்தவர் ஆந்திரியாஸ் குரூன்ட்சிக். 1977 செப்டம்பரில், சூரிச் நகரில். ஜெர்மனியில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் அதைச் செய்துகாட்டி, 1980இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். நாடு விட்டு நாடு போன ஒருவரின் கைவேலையால் என் கணவர் இன்று நடமாடுகிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

மொழி தெரியாவிட்டால் மருத்துவமனையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பல நாடுகளில் தொலைபேசி வழியாகவாவது தமிழ் பேசுபவரை இணைத்துத் தருகிறார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தகப்பனின் இதயத்தில் எத்தனை இடத்தில் அடைப்பு என்பதைப் பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை தன் வாயால் தாய்க்குச் சொல்ல நேர்வதைப் பக்கத்துக் கட்டிலில் நான் கண்டிருக்கிறேன். அந்தக் குழந்தையின் முகம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இனி காப்பீடு. போதுமா என்று கேட்டீர்கள். அட்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். வந்த முதல் நாளிலிருந்தே செல்லுமா, அல்லது காத்திருப்புக் காலம் உண்டா? முன்பே இருந்த நோய்களை ஏற்குமா? மருத்துவமனையில் சேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்? பில்லில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, அதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டா? கணவர் வேலையை இழந்தாலோ நீண்ட விடுப்பில் போனாலோ காப்பீடு நீடிக்குமா? இவற்றுக்கான விடைகளை நீங்களே உங்கள் கண்ணால் வாசித்திருக்க வேண்டும். அரசு மருத்துவச் சேவை உள்ள நாடுகளிலும் புதிதாக வந்தவர்களுக்கு அது உடனே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விசாவின் வகையைப் பொறுத்து மாறும். என் கணவர் இன்னும் இதய நோய்ப் பிரிவில் படுத்திருக்கும்போதே, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டதை விண்ணப்பத்தில் சொன்னீர்களா என்று எங்கள் காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியது. நல்லவேளையாக அவர் அதை எழுதியிருந்தார், விண்ணப்பத்தின் நகலும் கிடைத்தது. நோயை மறைத்துக் காப்பீடு எடுக்கச் சொல்லும் அண்ணன்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நம் சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தி பரவியதும் கூட்டமாக வந்தவர்கள், பார்வையாளர் நேரம் முடிந்தபின்னும் தாதியோடு வாதாடியவர்கள், தங்களுக்குத் தெரிந்த மரணங்களைக் கட்டிலருகே நின்று விவரித்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தாம். எதுவும் சொல்லாமல் வந்து என் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்துவந்தவர், அதுவரை என்னிடம் வணக்கம் மட்டுமே சொல்லியிருந்த, இந்த நாட்டிலேயே பிறந்த பக்கத்து வீட்டு மூதாட்டி. நம்மவர்களோடு மட்டும் பழகினால் போதும் என்று சொல்பவர்களுக்கு நான் அவரைத்தான் பதிலாகக் காட்டுவேன். வந்தவுடன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின் வேலை இன்னும் கூடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்க இரண்டு வகை மாத்திரைகள் தருவார்கள். மாரடைப்புக்குப் பிறகு பெரும்பாலும் 12 மாதங்கள் வரை அவற்றைத் தொடரச் சொல்வார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். பல்லைப் பிடுங்கப் போகும்போது பல் மருத்துவர் சொன்னார் என்று நிறுத்துவதும், ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய லேகியத்தை நம்பி நிறுத்துவதும் ஒன்றுதான். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) பல நகல்கள் எடுத்து வையுங்கள். மாத்திரையின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உள்ளிருக்கும் மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அழைத்தால் தவறாமல் போகச் சொல்லுங்கள். அங்கே வரும் நம் ஆண்கள் மிகக் குறைவு. மாரடைப்புக்குப் பின் சில வாரங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று பல நாடுகளில் விதி உண்டு. அந்த வாரங்களில்தான் நான் ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இப்போது புதிதாக வரும் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் நான்தான்.

உங்கள் கணவர் இளைஞர், அவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். மாரடைப்புக்கான காரணங்களை 52 நாடுகளில் ஆராய்ந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்திருந்தது தெரிந்தது. பெண்களுக்கும் வரும், நெஞ்சுவலியோடு மூச்சு வாங்குதல், குமட்டல், முதுகுவலி, காரணமில்லாத சோர்வு ஆகியவையும் சேர்ந்து வருவதால் அதை மாரடைப்பு என்று எண்ணாமல் தள்ளிப்போடுவது எளிது. ஆகவே விமானம் ஏறுமுன் நீங்கள் இருவரும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு, அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் கைப்பையில் கொண்டுவாருங்கள். உங்கள் பெயரையும் வங்கிக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய அலுவலகத்தில் யாரை அழைப்பது என்ற எண்ணையும், கைப்பேசிகளின் பூட்டுக் குறியீடுகளையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், எந்த வகை விசா என்று எழுதுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் புரியாத பகுதி இருந்தால் அதையும் அனுப்புங்கள். நானும் ஒருமுறை வாசித்துவிட்டு, அந்த நாட்டில் இருக்கும் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.