கேளுங்கள் டீச்சர்: அப்பாவோடு ஒரு காலைப் பயணம், கூரையில் ஒரு கூகை

கேள்வி: டீச்சர், என் அப்பா 40 வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்ததிலிருந்து நாள் முழுக்க டிவி முன்னால்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாம் என்றால், "கடைத்தொகுதிக்கெல்லாம் நான் வரல" என்கிறார். பின்வாசலில் குருவிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து போய்ப் பார்க்கிறார். அவரைக் காரில் எங்கே கூட்டிப் போவது? வீட்டில் என்ன செய்யலாம்? பைனாகுலர் வாங்க வேண்டுமா?
ஒரு மகள், பெஸ்தாரி ஜெயா

பதில்: முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள், மகளே. விடியுமுன் வெட்டுக்குப் போகும்போது, தச்சர் கட்டையைத் தட்டுவதுபோல் "டொக், டொக், டொக்" என்று இருட்டில் ஒரு சத்தம் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா என்று. அது பக்கி என்ற இராப்பறவை. பகலில் சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும், அந்தி சாய்ந்ததும் பறந்து பூச்சி பிடிக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவரின் காதில் இப்படி எத்தனையோ குரல்கள் தங்கியிருக்கும். பெயர் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள்தான் மாணவி, அவர் வாத்தியார். அப்படித் தொடங்குங்கள், அவர் தானே காரில் ஏறுவார்.

தூரம் போக வேண்டாம். நம் ஊரிலிருந்து கம்போங் குவாந்தான் பக்கமாகக் கோலசிலாங்கூருக்குப் போகும் சாலையே போதும். இரவில் மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் வரும் இடத்தை நாம் காலையில் கடப்போம். இங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது. ஆறரைக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்குள் போய்விடும், நீங்களும் தோசைக் கடைக்குப் போய்விடலாம்.

ஆற்றுப் பாலம் தாண்டி ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், அப்புறம் சிகிஞ்சான். இரண்டு பக்கமும் நெல். ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிற வயல் என்பதால், எந்த மாதம் போகிறீர்களோ அதற்கேற்ப வேறு காட்சி. பச்சையாக இருக்கும்போது படம் எடுக்க எல்லாரும் வருவார்கள். நான் சொல்வது அறுவடை முடிந்து தண்ணீர் கட்டி உழும் நேரம். டிராக்டர் புரட்டிப் போடும் சேற்றில் புழுவும் தவளையும் வெளியே வர, பின்னாலேயே வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நடக்கும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் வடக்கிலிருந்து வலசை வந்த மடையான் கொக்குகளும் வரப்பில் குறுகி உட்கார்ந்திருக்கும். மேலே பாருங்கள்: செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடுவது கருடன். அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

கார்தான் உங்கள் மறைவிடம். இறங்கினால் பறக்கிற பறவை, காருக்குள் ஆள் இருந்தால் அசையாது. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஆனால் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் கண்டிப்பு வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலை ஓரத்தில் நிறுத்தவே கூடாது. வயல் பாதையில் டிராக்டர் போக இடம் விட வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் போவதென்றால் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பழைய தோட்டத்து ஆள் என்று அப்பா பேசினால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்.

அடுத்த வாரமும் இதே சாலையில் போங்கள். புது இடம் தேடி ஓடுகிறவர்களுக்குப் பறவை தெரியாது. ஒரே மின்கம்பியை மாதாமாதம் பார்க்கிறவருக்குத்தான், வாலில் நீலம் மின்னும் பஞ்சுருட்டான்கள் ஒருநாள் வரிசையாக வந்து உட்கார்ந்ததும், பிறகு ஒருநாள் கம்பி காலியானதும் தெரியும். இது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்கு வருவோம். பின்வாசலில் கறிவேப்பிலை மரம் இருக்கிறதா? அதைக் கழிக்கும்போது ஒரு கிளையைப் பழுக்க விடுங்கள். அந்தக் கருநீலப் பழத்துக்குச் சின்னான் வரும், குயில் வரும். கறுப்பாக, கண் சிவந்திருப்பது ஆண் குயில். புள்ளி போட்டுப் பழுப்பாக இருப்பது பெண். இந்தக் குயிலுக்கு நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன வைக்கலாம் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காக்கை கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை பெருகிவிட்டது. முன்பு வலசைக்கு மட்டும் வந்துபோன குயில், இப்போது அந்தக் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே குடியிருக்கிறது. விடியுமுன் அது கூவும்போதெல்லாம், கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் நினைவு எனக்கு வரும்.

முருங்கைப் பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வரும். துணி காயப் போடும் கம்பியில்கூடக் கூடு கட்டித் தொங்கவிடும். குஞ்சு பறக்கும்வரை அந்தக் கம்பியை விட்டுக்கொடுங்கள். வேலியோரம் ஒரு செரி மரம் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். மரத்தில் ஒரு பப்பாளியைப் பறிக்காமல் விட்டால் மாங்குயில் வந்தாலும் வரும். சோறு, ரொட்டி வீசுவதை நான் விரும்புவதில்லை. எலியும் காக்கையும் புறாவும்தான் சேரும்.

அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டு மாற்ற வேண்டும். இது டிங்கி உள்ள நாடு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். முடியாது என்றால் சட்டியே வைக்காதீர்கள்.

பைனாகுலர் வாங்கலாம். "8x42" என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வேண்டாம், வயதானவர் கை நடுங்கினால் படமும் நடுங்கும். கை வலித்தால் 8x32 இன்னும் இலேசு. கேமரா இப்போதைக்குத் தேவையில்லை. கைப்பேசியில் மெர்லின் என்ற செயலி இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் அப்பா முதலில் சொல்லட்டும். பதிவு செய்த குரலைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைக்காதீர்கள். கூடு காக்கிற நேரத்தில் அதை வீணாக அலைக்கழிப்பதாகும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே செம்பனைக்குள் கம்பத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. இரவில் வெள்ளையாக ஒன்று எங்கள் கூரையில் வந்து உட்கார்ந்து வீறிடுகிறது. சாவுக்குறி என்று மாமியார் பயந்து, கல்லெறியச் சொல்கிறார். என்ன செய்ய?
வாசகி, ஈஜோக்

பதில்: எறிய வேண்டாம் அம்மா. அது கூகை என்ற ஆந்தை. அந்தப் பெட்டியைத் தோட்ட நிர்வாகமே அதற்காக வைத்திருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் நடந்தது. செம்பனை பரவியதும் பழம் தின்னும் எலியும் பெருகியது. கூகை எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பகலில் அந்தக் கம்பத்தடிக்கு மாமியாரைக் கூட்டிப் போய் அந்த உருண்டை ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டுங்கள். எலி மண்டையோடு தெரியும். பெரியவர்களின் பயத்தைச் சிரித்து ஒதுக்காமல் இப்படிக் கண்ணால் காட்டுவதே நல்லது. நம் கூரையில் அது உட்காருவது எலி பார்க்கத்தான். அந்த வீறிடல் அதன் இயல்பான குரல்.

உங்களால் ஆகக்கூடியது இன்னொன்றும் உண்டு. வீட்டில் எலிக்கு மருந்து வைக்கிறீர்களா? மருந்துப் பெட்டியில் புரோடிஃபக்கூம் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அதைத் தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகும். கூண்டுப்பொறி வையுங்கள்.

கேள்வி: முரை பாத்து எனும் சோலைபாடிக் குருவி ஒன்று விலைக்கு வருகிறது. பாட்டு அருமை. வாங்கலாமா டீச்சர்?
வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: வேண்டாம் தம்பி. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை; வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். உரிமம் கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் அந்தப் பாட்டுக்காகவே காடு காடாகப் பிடித்துக் காலி செய்கிறார்கள். பாட்டுத்தான் வேண்டுமென்றால், விடியற்காலையில் கெப்போங்கில் ஃபிரிம் என்ற வன ஆராய்ச்சி நிலையத்தின் காட்டுக்குப் போய் மரங்களுக்கு நடுவே நின்று கேளுங்கள். சனிக்கிழமை போனால் கூட்டம் சேரும், வேலை நாளில் ஒரு லீவு போடுங்கள்.